முன்முடிபும் மாணவர் தன்மதிப்பும்: வன்னி வகுப்பறையை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

ஒரு பிள்ளையைத் தாய் தந்தையர் இட்ட பெயரால் அழைப்பது ஒன்று. அவன் பிறந்த கூட்டத்துக்குப் பிறர் இட்ட பெயரால் அழைப்பது மற்றொன்று. முன்னையது அவனைச் சுட்டும். பின்னையது அவனை மறைக்கும். மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களை வட இலங்கைத் தமிழர் 'தோட்டக்காட்டான்' எனவும் 'வடக்கத்தையான்' எனவும் 'கள்ளத்தோணி' எனவும் அழைத்த வழக்கம் பின்னைய வகையைச் சார்ந்தது. இச்சொற்கள் ஒவ்வொன்றினுள்ளும் ஒரு தீர்ப்பு அடங்கிக் கிடக்கின்றது. அழைக்கப்படுபவன் உடலுழைப்புக்கு உரியவன், இந்நாட்டுக்கு உரியவனல்லன், ஏட்டுக் கல்வி அவனுக்கு எட்டாதது. ஒரு மக்கட் கூட்டத்தினர் அனைவரையும் பற்றி இவ்வாறு ஆராயாது முன்னரே கட்டி வைக்கும் முடிவினை முன்முடிபு எனலாம்.

இம்முன்முடிபு மாணவனின் தன்மதிப்பையும் கல்வித் தேர்ச்சியையும் எவ்வாறு தாக்குகின்றது என்பதை உளநூலார் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வந்துள்ளனர். பழிச்சொல் தன்மதிப்பைக் குலைக்கும், குலைந்த தன்மதிப்புத் தேர்ச்சியைக் கெடுக்கும் என்பதே பலரும் எளிதில் ஏற்றுக்கொண்ட கருத்து. அக்கருத்து எவ்வளவுக்கு உண்மை, அதனை வன்னியின் வகுப்பறைக்குப் பொருத்தலாமா என்பன ஆராயத்தக்கன.

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியில் உள்ள நெளுக்குளம், வன்னியின் ஏனைய பல ஊர்களைப் போலவே குளத்தாற் பெயர் பெற்றது. வவுனியா நகரைச் சூழ்ந்த இத்தகைய ஊர்கள் கடந்த அறுபது எழுபது ஆண்டுகளிற் பலதிறப்பட்ட மக்களைத் தம்முள் ஏற்றன. பழைய வன்னிக் குடிகளோடு, குடாநாட்டிலிருந்து காணி நாடி வந்தோரும், 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் தெற்கையும் மலையகத்தையும் விட்டு வந்தோரும், 2009 ஆம் ஆண்டின் இறுதிப் போரில் யாவற்றையும் இழந்து வவுனியா முகாம்களுக்கு வந்தோரும் அண்டை அயலாயினர். அவர்தம் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்து ஒரே பாடநூலைப் படிக்கின்றனர். புறத்தே நின்று நோக்குவோன் அவர்களையெல்லாம் தமிழ்ப் பிள்ளைகள் என ஒரு சொல்லில் அடக்குவான். அகத்தே இருப்போரோ யார் எங்கிருந்து வந்த குடும்பத்தினர் என்பதைப் பெயரைக் கேட்டே அறிவர். அந்த அறிவு அயலறிவாக இருக்குமட்டும் குற்றமில்லை. அது தீர்ப்பாக மாறுமிடத்திற்றான் கல்விக்குக் கேடு தொடங்குகின்றது.

அமெரிக்காவிற் கெனத் கிளாக், மேமி கிளாக் என்னும் கறுப்பினத் தம்பதியர் 1940 ஐ ஒட்டிய ஆண்டுகளிற் செய்த பொம்மைச் சோதனை இத்துறையிற் புகழ் பெற்றது. மூன்று முதல் ஏழு வயது வரையான கறுப்பினப் பிள்ளைகளின் முன் வெள்ளைப் பொம்மையும் கறுப்புப் பொம்மையும் வைக்கப்பட்டன. எது அழகியது, எது நல்லது என வினவியபோது பெரும்பான்மையோர் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். இனவாரியாகப் பள்ளிகளைப் பிரித்தல் சட்டத்துக்கு முரணானது என அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1954 ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பில் இவ்வாராய்ச்சியும் சான்றாக எடுத்தாளப்பட்டது. ஆயின் இதில் மேலெழுந்தவாரியாகப் படிப்போர் காணாத ஒன்று உண்டு. தனிப்பள்ளிகளிற் படித்த தென்மாநிலப் பிள்ளைகளினும், கலப்புப் பள்ளிகளிற் படித்த வடமாநிலப் பிள்ளைகளே வெள்ளைப் பொம்மையைச் சற்றுக் கூடுதலாக விரும்பினர். ஒரே கூரையின் கீழ் இருத்திவிடுவதனால் மட்டும் முன்முடிபு அழிந்துபோவதில்லை என்பதே இதனாற் பெறப்படுவது. பலதிறத்தாரும் ஒருங்கிருந்து படிக்கும் வன்னி வகுப்பறை தன்னைப் பற்றி எளிதில் மனநிறைவு கொள்ளல் ஆகாது.

அடுத்து, 1995 ஆம் ஆண்டிற் கிளாட் ஸ்ரீல், யோசுவா அறன்சன் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொரு வழியைக் காட்டிற்று. கடினமான ஒரே வினாத்தாளை, அறிவாற்றலை அளக்கும் சோதனை எனக் கூறிக் கொடுத்தபோது கறுப்பின மாணவர் பின்தங்கினர். அவ்வாறு கூறாது கொடுத்தபோது, அவர்களின் முந்தைய புள்ளிகளைக் கணக்கிற்கொண்டு ஒப்பிட்ட அளவில், அவ்விடைவெளி பெரிதும் குறைந்தது. தம் இனத்தைப் பற்றிய பழியைத் தாமே மெய்ப்பித்துவிடுவோமோ என்ற அச்சம் மாணவரின் கவனத்தைத் தின்றுவிடுகின்றது என்பது அவர்களின் விளக்கம். இவ்விளக்கம் உலகெங்கும் பரவியது. பரவிய வேகத்தில் அளவுக்கு மீறியும் போயிற்று. முந்தைய புள்ளிகளைக் கணக்கிற்கொண்டனர் என்ற நிபந்தனையை மறந்து, அச்சம் ஒன்றே இடைவெளி முழுவதற்கும் காரணம் எனப் பலர் எழுதினர். பெண்பிள்ளைகளின் கணிதத் தேர்ச்சி பற்றி நெதர்லாந்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரைக் கொண்டு நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று அத்தகைய விளைவு எதனையும் காணவில்லை. எனவே இக்கொள்கையை எங்கும் எப்போதும் பலிக்கும் விதியெனக் கொள்ளாது, சில சூழல்களில் மட்டும் நிகழக்கூடியதெனக் கொள்வதே நடுவுநிலையாகும்.

தன்மதிப்புப் பற்றிய பொதுக்கருத்தும் இவ்வாறே திருத்தம் பெறவேண்டியது. பழிக்கப்பட்ட கூட்டத்தினர் தம்மைத் தாமே தாழ்வாக மதிப்பர் என்பது கேட்டற்கு இயல்பாகத் தோன்றும். ஆனால் யெனிபர் குறொக்கர், பிறென்டா மேஜர் என்னும் உளநூலார் 1989 இல் எழுதிய ஆய்வுரை அதனை மறுத்தது. பழிக்கப்பட்டோர் தம் மதிப்பைக் காத்துக்கொள்ளும் வழிகள் மூன்றென அவர்கள் காட்டினர். குற்றம் தம்மிடமன்று, பழிப்போரிடமே உள்ளது எனக் கொள்ளல் முதலாவது. தம்மைத் தம் கூட்டத்தாரோடு மட்டுமே ஒப்பிட்டுக்கொள்ளல் இரண்டாவது. எத்துறையிற் பிறர் தம்மைத் தாழ்த்துகின்றனரோ அத்துறையையே பொருட்படுத்தாது விடுதல் மூன்றாவது.

இம்மூன்றாவது வழியே ஆசிரியர் கவனிக்கற்பாலது. 'படிப்பு எங்களுக்கு எதற்கு?' எனக் கூறும் பிள்ளை தன்மதிப்பு அற்றவன் அல்லன். அவன் தன்மதிப்பைக் காக்கும் பொருட்டே படிப்பைக் கைவிடுகின்றான். வயலில் அவன் உழைப்புக்கு மதிப்பு உண்டு, வீட்டில் உண்டு, நண்பரிடையும் உண்டு. வகுப்பறை ஒன்றிலேதான் அவன் அளவு முன்னரே குறிக்கப்பட்டுக் கிடக்கின்றது. தன்னைத் தாழ்த்தும் தராசிலிருந்து இறங்கி விடுதல் அறிவீனமன்று, ஒருவகைத் தற்காப்பு. இதனை உணராத ஆசிரியர் அப்பிள்ளையிடம் ஆர்வமின்மையைக் காண்கின்றார். தாம் முன்னரே கொண்ட முடிபு உறுதிப்பட்டதென எண்ணுகின்றார். முன்முடிபு தன் சான்றைத் தானே படைத்துக்கொள்வது இவ்வாறுதான்.

தமிழர்க்கு இன்னும் அண்மையிலுள்ள சான்று இந்தியாவின் உத்தரப்பிரதேசத்திற் கிடைக்கின்றது. காலா ஹொவ், பிரியங்கா பாண்டே என்னும் பொருளியலார் அங்கு ஆறாம் ஏழாம் வகுப்புச் சிறுவரைக் கொண்டு செய்த சோதனை 2000 ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் வெளிவந்தது. தாளில் வரைந்த சிக்கல் வழிகளைக் கண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுக்கப்பட்டன. விடைக்கேற்பப் பரிசும் உண்டு. சாதி கூறப்படாதபோது உயர்சாதிச் சிறுவர்க்கும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்க்கும் இடையே திறமையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எல்லார் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் கூறியபோது ஒடுக்கப்பட்டோரின் தேர்ச்சி வீழ்ந்தது. இதனினும் நோக்கற்பாலது பிறிதொன்று. பரிசு மனிதர் கையினின்று நீங்கித் திருவுளச் சீட்டைச் சார்ந்ததாக அமைந்தபோது அவ்வேறுபாடு மறைந்தது. அச்சிறுவர் ஐயுற்றது தம் அறிவையன்று. தமக்குத் தீர்ப்பளிப்போரின் நேர்மையையே. பிள்ளையின் தன்னம்பிக்கையை வளர்க்கவேண்டுமெனப் பேசுவோர், அப்பிள்ளை பள்ளியின்மேல் நம்பிக்கை வைத்தற்குப் பள்ளி என்ன செய்தது என்பதை முதலில் வினவுதல் வேண்டும்.

வன்னியில் அந்நம்பிக்கை ஏன் குன்றிற்று என்பதற்கு விடை வரலாற்றில் உண்டு. 1823 ஆம் ஆண்டு இலங்கைத் தமிழர் வரலாற்றில் இருவேறு வகையிற் குறிக்கப்படுவது. அவ்வாண்டில் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் உயர்கல்விச் செமினரியைத் தொடங்கினர். அதே ஆண்டையே தென்னிந்தியத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்குக் கொணரப்பட்ட வரலாற்றின் தொடக்கமாக மலையக மக்கள் கொள்கின்றனர். ஒரு சாரார்க்குக் கல்லூரி வாய்த்த ஆண்டில் மற்றொரு சாரார்க்குக் கூலி வரிசை வாய்த்தது. குடாநாட்டில் மிசனரிப் பள்ளிகளும், அவற்றுக்கு மறுமொழியாக எழுந்த சைவப் பள்ளிகளும் நூறாண்டுக்கு மேலாக எழுத்தறிவைப் பெருக்கின. தோட்டங்களிலோ பள்ளிகள் பெரும்பாலும் ஓராசிரியர் நடத்திய தொடக்கப் பள்ளிகளாகவே நின்றன. 1945 ஆம் ஆண்டில் நாடெங்கும் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பள்ளிகளை எட்டவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 இல் எழுந்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அரசு தோட்டப் பள்ளிகளைப் பரவலாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேயாம். எஞ்சிய நாடற்றோர் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டு வரை வேண்டியிருந்தது.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, குடாநாட்டாரின் கல்விச் சிறப்பு குருதியில் வந்ததன்று என்பதும், மலையகத்தாரின் பின்னடைவும் குருதியில் வந்ததன்று என்பதும் தெளிவாம். இரண்டும் பள்ளிகள் எங்கே கட்டப்பட்டன, எங்கே கட்டப்படவில்லை என்பதன் பயன். முன்முடிபின் தொழில் இவ்வரலாற்றை மறக்கச் செய்வது. மறந்தபின் எஞ்சுவது இயற்கை என்னும் பொய்த்தோற்றம்.

முன்முடிபு வெறும் அறியாமையன்று. அதனாற் பயனடைந்தோரும் உளர். 1970 க்கும் 1977 க்கும் இடையில் இறக்குமதி தடுக்கப்பட்டமையால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. வன்னி நிலம் பொன் விளையும் நிலமாயிற்று. விளைத்தற்குக் கைகள் வேண்டியிருந்தன. அதே காலத்தில் 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சமும், தோட்டங்கள் அரசுடைமையாகியபோது நேர்ந்த வேலையிழப்பும், 1977 ஆம் ஆண்டின் வன்செயலும் மலையக மக்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் தள்ளின. வந்தோரிற் பலர் பிறர் காணியிற் கூலியாயினர். அரச காணியில் அனுமதிப்பத்திரம் இன்றிக் குடிலமைத்தனர். உழைப்பாளி உழைப்பாளியாகவே இருத்தல் நிலமுடையார்க்கு வாய்ப்பானது. அவன் மகன் கணக்குப் படித்தல் அவ்வாய்ப்புக்கு முரணானது. 'அவர்களுக்குப் படிப்பு ஏறாது' என்ற சொல் அக்காலத்து வயல் வரம்பிற் பெற்ற பயன் சிறிதன்று. அறுவடைக் காலத்திற் பிள்ளை பள்ளிக்கு வராதபோது அதனைக் குடும்பத்தின் வறுமையென எண்ணாது கூட்டத்தின் குணமெனப் பதிந்துகொள்ளுதலும் இச்சொல்லின் பயனே.

இப்போக்கினை எதிர்த்துத் தமிழர் தரப்பிலிருந்தே எழுந்த முயற்சி ஒன்றை மறத்தல் நன்றியன்று. வவுனியாவை நிலைக்களமாகக் கொண்டு எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராசசுந்தரம் ஆகியோர் 1970களின் பிற்பகுதியில் வளர்த்த காந்தீயம் இயக்கம், அகதிகளாய் வந்த மலையகக் குடும்பங்களை எல்லையூர்களிலும் பண்ணைகளிலும் குடியமர்த்தியது. பாலர் பள்ளிகளை ஊர்தோறும் நடத்தியது. கல்வி இவர்க்கு ஏறுமா என அவ்வியக்கம் சோதித்துக்கொண்டிருக்கவில்லை, பள்ளியைத் திறந்தது. 1983 ஆம் ஆண்டில் அதன் தலைவர்கள் சிறைப்பட்டனர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த படுகொலையில் இராசசுந்தரம் உயிரிழந்தார். இயக்கம் சிதைந்தது, அது எழுப்பிய வினா சிதையவில்லை.

பழிப்பினும் நுண்ணியதொரு முன்முடிபு இரக்கத்தின் வடிவில் வருவது. புதுமைப்பித்தன் 1935 ஆம் ஆண்டில் மணிக்கொடியில் எழுதிய 'துன்பக்கேணி' இலங்கைத் தோட்டத்துக் கொடுமைகளைத் தமிழுலகுக்கு உணர்த்திய பெருமைக்குரியது. ஆயினும் அக்கதையின் வழிவந்த இரக்க நோக்கு, தோட்டத்து மாந்தரைத் துயருறுவோராக மட்டுமே காணப் பழக்கிற்று. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா முதலிய மலையக எழுத்தாளர் வந்த பின்னரே அம்மாந்தர் வினை செய்வோராகவும் வாதாடுவோராகவும் எழுந்து நின்றனர். வகுப்பறையிலும் இவ்வேறுபாடு உண்டு. பாவம் எனக் கருதி எளிய வினாவை மட்டும் ஒரு பிள்ளையிடம் கேட்கும் ஆசிரியர், அவனுக்கு அரிய வினா உரியதன்று எனத் தீர்ப்பளித்துவிட்டார். றோசந்தால், யேக்கப்சன் ஆகியோர் 1968 இல் வெளியிட்ட நூல், ஆசிரியரின் எதிர்பார்ப்பே பிள்ளையின் வளர்ச்சியை உயர்த்தும் எனக் கூறிற்று. அந்நூலின் அளவீடுகளைப் பிற அறிஞர் கடுமையாகக் கண்டித்தனர். கண்டனத்துக்கு இடமும் உண்டு. ஆயினும் யாரிடம் வினாக் கேட்கப்படுகின்றது, யார் முன்வாங்கில் இருத்தப்படுகின்றனர், புலமைப்பரிசிற் பரீட்சைக்கு யார் தேர்ந்தெடுத்துப் பழக்கப்படுகின்றனர் என்பன எதிர்பார்ப்பினாலேயே முடிவாகின்றன என்பதை அறிய அளவுகோல் வேண்டுவதில்லை.

முன்முடிபின் வலியை யாழ்ப்பாணத்துக் கற்றோர் அறியாதவரல்லர். 1970 ஆம் ஆண்டிற் பொறியியற் பீடத்துக்குத் தெரிவான தமிழ் மாணவரின் தொகை கண்டு, தமிழ்த் தேர்வாளர் தம்மவர்க்குப் புள்ளியைக் கூட்டியிட்டனர் என்ற ஐயம் தெற்கிற் பரப்பப்பட்டது. அடுத்த ஆண்டில் மொழிக்கு மொழி வேறுபட்ட வெட்டுப்புள்ளிகள் வந்தன. விளக்கொளியில் விடிய விடியப் படித்த ஒரு தலைமுறை, தன் உழைப்பு ஒரு கூட்டத்தின் மேல் எழுந்த ஐயத்தால் எடை குறைக்கப்பட்டதைக் கண்டு கொதித்தது. அக்கொதிப்பு நியாயமானது. ஆனால் அதே தலைமுறையினர் தம் வயலில் உழைத்தவனின் மகனைப் பற்றிக் கொண்ட ஐயம் எவ்வகையில் வேறானது? தனக்கு நேர்ந்தபோது அநீதி எனத் தோன்றியது, தான் பிறர்க்குச் செய்தபோது உலக வழக்கு எனத் தோன்றுமாயின், அங்கே நீதியுணர்வு இல்லை, தன்னலமே உண்டு.

குடாநாட்டின் உள்ளேயும் இதற்கு முன்னிகழ்ச்சி உண்டு. 1920களின் இறுதியில், உதவிபெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டுமென அரசு பணித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பள்ளிக் கொட்டில்கள் எரிந்தன. நிலத்தில் இருந்த பிள்ளை வாங்கில் ஏறுதற்கு அத்துணைப் போராட்டம் வேண்டியிருந்தது. ஏறியபின் அப்பிள்ளைகளிலிருந்து ஆசிரியரும் மருத்துவரும் எழுத்தாளரும் தோன்றினர். அவர்களிடம் இல்லாதிருந்தது அறிவன்று, ஆசனமே என்பதைக் காலம் காட்டிற்று. கற்றவன் கீழ்ப்பிறப்பினனாயினும் மேற்பிறப்பினன் அவன்பாற் சென்று அடங்குவான் என்ற கருத்தைப் பாண்டிய மன்னன் ஒருவன் வாக்காகப் புறநானூறு பேணி வைத்துள்ளது. அப்பாட்டை மேடையில் எடுத்துரைக்கும் சமுதாயம் அதனை வகுப்பறையிற் கடைப்பிடித்தல் கடனாம்.

இனிச் செய்யத்தக்கன யாவை? பிள்ளைக்குத் தன்மதிப்பைப் போதித்தலால் மட்டும் பயனில்லை; அது நோயைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்துத் தேடுதலாகும். பழிப்பெயர் வகுப்பறையிலும் ஆசிரியர் அறையிலும் ஒலியாதிருத்தல் முதற்கடன். விடைத்தாளிற் பெயரின்றிச் சுட்டெண் மட்டும் இருக்கத் திருத்துதல், தீர்ப்பளிப்போர்மீது நம்பிக்கையை வளர்க்கும் எளிய வழி. எல்லாப் பிள்ளைகளிடமும் அரிய வினாக்களைக் கேட்டு, விடைக்குக் காத்திருத்தல் அடுத்தது. பாடநூலில் மலையக வரலாறு அயலார் வரலாறாகவன்றி இந்நாட்டைக் கட்டியெழுப்பியோர் வரலாறாகக் கற்பிக்கப்படல் வேண்டும். இவை யாவும் பள்ளியின் கையில் உள்ளவை. குடியிருக்கும் காணிக்கு உறுதி கிடைத்தல் பள்ளியின் கையில் இல்லை. ஆயினும் அஃதின்றி இவை நிலைபெறா.

2023 ஆம் ஆண்டு யூலை, ஓகத்து மாதங்களில், இருநூறாண்டு நிறைவை முன்னிட்டு மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். அவர்தம் முன்னோர் கடல் கடந்து கரையேறி, நீரும் நிழலும் அரிதாகிய காட்டுவழியே நடந்து, வழியிற் பலரை நோய்க்கும் பசிக்கும் பலிகொடுத்துச் சென்ற பயணத்தின் நினைவு அது. மன்னார் நிலத்தின் வழியாகவும் வன்னிக் காட்டின் ஓரமாகவும் சென்ற பாதை அது. ஆகவே நெளுக்குளத்துக்கு அண்மையில் ஒரு மலையகக் குடும்பத்தின் பிள்ளை வகுப்பில் அமர்ந்திருக்கையில், அவன் முன்னறியாத மண்ணுக்கு வந்தவனல்லன். அவனுடைய பாட்டன் பாட்டியர் இம்மண்ணை நடந்தே அறிந்தவர். அவர்கள் நடந்தபோது வழியிற் பள்ளி இல்லை. இன்று உண்டு. அதன் வாயிலில் அவனுக்கு எப்பெயர் காத்திருக்கின்றது என்பதே எஞ்சிய வினா. அவன் தாய் தந்தையர் இட்ட பெயராக அது இருக்குமாயின், கல்வி தன் முதற் பாடத்தைச் செம்மையாகத் தொடங்கியதாகும்.